தலைவலி மலை முதல் டோல்மா கணவாய் வரை

நம் சங்கத்துக் குடும்பங்களில் முன்பெல்லாம் கோடை விடுமுறை என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடித்து ஊருக்குப் போவதுதான். இப்போது பிள்ளைகள் லே, லடாக் என்கிறார்கள். பெரியவர்கள் கேதார்நாத், அமர்நாத், கயிலாயம் என்கிறார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களும் தில்லியில் நம் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் மலைக்குப் புறப்படுகிறார்கள். நான் கொஞ்சம் புத்தகம் படிக்கிற ஆள் என்று தெரிந்ததால், "என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும் நயினாரே?" என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் உண்டு. கம்பளி, ஷூ, மழைச்சட்டை, பருப்புப்பொடி இவற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

மலை என்றால் குளிரும், ஏற்றம் மூச்சு வாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்பாராமல் வந்து தாக்குவது காற்றின் மென்மை. இதை மனித குலம் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. நான் தொழிலால் பாத்திர வியாபாரி; கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஆனாலும் எங்கள் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் முக்தி பெற்ற இடம் கயிலாயம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன். அந்த மலைக்குப் போகும் வழிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, போனவர்களின் வரலாற்றைவிட அவர்கள் ஏன் வழியில் விழுந்தார்கள் என்ற வரலாறே என்னைப் பிடித்துக்கொண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது ஒன்று

முதலில் சில அடிப்படைக் கணக்குகள். மலை மேல் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தில்லியிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். 18,000 அடியில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஆகையால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் பிராணவாயுவும் பாதி. லே நகரம் சுமார் 11,500 அடி. அங்கேயே மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவுதான் கிடைக்கும்.

இன்னொன்று, மலை நோய் போய் இறங்கியவுடன் வருவதில்லை. பகலில் விமானத்திலிருந்து இறங்கும்போது ஆள் உற்சாகமாக இருப்பார். கடைத்தெரு, புத்த விகாரம் என்று சுற்றுவார். ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், தலைவலி தொடங்கும். சாப்பாடு வேண்டாம் என்று தோன்றும், வாந்தி வரும், தூக்கம் விட்டு விட்டு வரும். இது லேசாக நின்றால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். முற்றினால் இரண்டு விதம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் இரண்டாம் ராத்திரி வாக்கில் தலைகாட்டும். அல்லது மூளை வீங்கும். அப்போது குடித்தவன் போல நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகக் கூடியவை.

மூன்றாவது, இது பலசாலி, பலவீனன் பார்த்து வருவதில்லை. தினமும் ஓடிப் பழகிய இருபத்தைந்து வயதுப் பையன் சுருண்டு படுப்பான். பக்கத்தில் அறுபது வயது மாமி சாவகாசமாகத் தேநீர் குடிப்பார். இளைஞன் வேகமாக ஏறுகிறான் என்பதே பாதிக் காரணம்.

பெரிய தலைவலி மலை

இந்த நோயைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு என்று அறிஞர்கள் காட்டுவது சீனத்து ஹான் வம்ச வரலாற்று நூலில் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில், காஷ்மீர், காபூல் பக்கத்து நாட்டுக்குத் தூதர்களை அனுப்பலாமா என்று சீன அரசவையில் ஆலோசனை நடந்தது. ஓர் அதிகாரி வேண்டாம் என்று வாதாடினார். வழியில் பெரிய தலைவலி மலை, சின்னத் தலைவலி மலை என்று இரண்டு உண்டு. அங்கே போகிறவர்களுக்கு உடல் காயும், முகம் வெளுக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும். கழுதைக்கும் மாட்டுக்கும் கூட அதே கதிதான் என்றார். மலைக்குப் பேரே தலைவலி என்று வைத்திருந்தார்கள் என்றால் அந்த வழியில் எத்தனை பேர் பட்டிருப்பார்கள்!

அடுத்து நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாஹியான். கி.பி. 399-ல் சீனத்திலிருந்து புறப்பட்டவர். சுமார் 403-ல் ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பனிமலை ஒன்றைக் கடக்கும்போது அவருடைய தோழர் ஹுயிஜிங் வாயில் நுரை தள்ளி விழுந்தார். தன்னால் இனி முடியாது, எல்லோரும் சாக வேண்டாம், நீங்கள் போங்கள் என்று சொல்லி உயிரை விட்டார். பாஹியான் அவர் உடலைத் தடவி அழுததாகத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்த நுரையைக் கொண்டு, இது நுரையீரலில் நீர் கோத்த மரணமாக இருக்கலாம் என்று இக்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். வெறும் குளிராலும் இருக்கலாம். பாஹியானுக்கு அது குளிராகத்தான் தெரிந்தது.

சுல்தானையும் விடவில்லை

காரணம் தெரியாவிட்டாலும் நோயை அச்சடித்தாற்போல் எழுதிவைத்தவர் மிர்சா ஹைதர் துக்ளத். பாபரின் உறவினர், பின்னாளில் காஷ்மீரை ஆண்டவர். 1530-களில் காஷ்கர் சுல்தான் சயீத் கானோடு லடாக், திபெத் மேல் படையெடுத்துப் போனவர். தம் "தாரிக்-இ-ரஷீதி" நூலில் இந்த நோய்க்கு "தம்கிரி" என்று பெயர் சொல்கிறார். மூச்சைப் பிடிப்பது என்று பொருள். பெரும் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் போல மூச்சு இரைக்கும், தூக்கம் வராது, கையும் காலும் வீங்கும், குதிரைகளுக்கும் வரும் என்கிறார்.

அந்தச் சுல்தானே தம்கிரிக்குப் பலியானார். லடாக்கிலிருந்து யார்க்கண்டுக்குத் திரும்பும் வழியில், 1533-ல் காரகோரம் பக்கம் இறந்துபோனார். இன்று செய்தித்தாளில் நாம் அடிக்கடி படிக்கும் தௌலத் பேக் ஓல்டி என்ற இடத்தின் பெயருக்கு, செல்வமுள்ள பெரிய மனிதர் இறந்த இடம் என்று துருக்கி மொழியில் பொருள். அந்தப் பெரிய மனிதர் இந்தச் சயீத் கான்தான் என்று ஒரு கருத்து உண்டு. அங்கேதான் சுமார் 16,600 அடி உயரத்தில் நம் விமானப்படையின் ஓடுதளம் இருக்கிறது. 2013-ல் பெரிய சரக்கு விமானம் ஒன்றை அங்கே இறக்கினார்கள். அரசனைக் கொன்ற இடத்தில் இன்று விமானம் இறங்குகிறது. ஆனால் இறங்குகிறவனின் நுரையீரல் அன்று சுல்தானுக்கு இருந்த அதே நுரையீரல்தான்.

தில்லிக்காரர்களான நமக்கு இன்னும் நெருக்கமான பயணம் ஒன்று. 1624-ல் அந்தோனியோ தெ அந்த்ராதே என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் ஆக்ராவிலிருந்து புறப்பட்டு, தில்லியில் பத்ரிநாத் போகும் யாத்திரிகர் கூட்டத்தோடு மாறுவேடத்தில் சேர்ந்துகொண்டார். பத்ரிநாத்துக்கு அப்பால் மானா கணவாயைத் தாண்டித் திபெத்துக்குள் போனார். கணவாய் சுமார் 18,000 அடி. பனி வெளிச்சத்தில் கண் தெரியாமல் போயிற்று; கால் விறைத்து உணர்ச்சியற்றுப் போயிற்று. மண்ணிலிருந்து எழும் நச்சு ஆவியால் இங்கே ஆட்கள் சாகிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள். அவரோ, கடுங்குளிரும் சூடான ஆகாரம் இல்லாததும்தான் காரணம் என்று எழுதினார். இரண்டு பேரும் காற்றின் மேல் சந்தேகப்படவில்லை.

பழியை யார் மேல் போடுவது?

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். காரணம் தெரியாத நோய்க்கு மனிதன் எத்தனை காரணம் கற்பித்தான் என்று பாருங்கள். திபெத்தியர் "லா-துக்" என்றார்கள். கணவாய் விஷம் என்று அர்த்தம். இமயத்தின் தெற்கே இருந்தவர்கள் விஷக்காற்று என்றார்கள். 1812-ல் சந்நியாசி வேடத்தில் நீத்தி கணவாய் வழியாக மானசரோவர் போன மூர்கிராஃப்ட், ஹியர்சே என்ற இரு வெள்ளையர்களும் அந்த மூச்சுத்திணறலைத் தாங்களே அனுபவித்தார்கள். சில இடங்களில் பூக்களின் மணத்தைக் குற்றம் சொன்னார்கள்.

சீனர்கள் பாமீர் மலைகளை வெங்காய மலை என்றே அழைத்தார்கள். அங்கே விளைகிற காட்டு வெங்காயத்தால்தான் தலைவலி வருகிறது என்று ஒரு நம்பிக்கை. வெங்காயம் தொடாத சமணர்கள் நாங்கள், படித்தபோது "பார்த்தீங்களா!" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. 1835-ல் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வின், அந்த ஊர்க்காரர்கள் இதே நோய்க்கு மருந்தாக வெங்காயத்தைச் சிபாரிசு செய்ததாக எழுதியிருக்கிறார். ஒரு கண்டத்தில் குற்றவாளி, இன்னொரு கண்டத்தில் வைத்தியர்.

டார்வின் சொன்ன இன்னொரு சம்பவம் என் தொழிலைத் தொட்டது. மலைமேல் உருளைக்கிழங்கை ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்தும், காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் வேகவில்லை. உடன் வந்த இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்: பானை புதுசு, அந்தப் பாழாய்ப்போன பானைக்குக் கிழங்கு வேகவைக்க மனசில்லை. பாத்திரக் கடைக்காரன் என்ற முறையில் அந்தப் பானைக்காக நான் வாதாட வேண்டியிருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். மானசரோவர்க் கரையில், சுமார் 15,000 அடியில், தண்ணீர் 85 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பார்க்கக் கொதிநீர்தான், ஆனால் பருப்பு வேகாது. 1679-லேயே தெனிஸ் பப்பேன் என்பவர் மூடியை இறுக்கி ஆவியை அடக்கும் பாத்திரத்தை லண்டனில் செய்து காட்டிவிட்டார். நாம் இன்று விற்கும் குக்கரின் பாட்டன் அது. மலைக்குப் போகிறவர்கள் குழுவில் ஒரு குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரனின் விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். அரைவேக்காட்டுச் சோறும் அதைச் சாப்பிட்ட வயிறும் அந்த உயரத்தில் பெரும் தொல்லை.

பழியைச் சரியான இடத்துக்கு அருகே கொண்டுவந்தவர் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஜோசே தெ அகோஸ்டா. பெரு நாட்டு மலையில் குடல் வாய்க்கு வரும்படி வாந்தி எடுத்தவர். 1590-ல் வெளிவந்த தம் நூலில், அங்குள்ள காற்று மனித மூச்சுக்குப் பொருந்தாத அளவு மெலிந்தது என்று எழுதினார். காற்றை எடைபோடும் கருவி ஒன்றுமே இல்லாத காலத்தில் எழுதினார் என்பதுதான் வியப்பு.

காற்றை நிறுத்துப் பார்த்தவர்கள்

1640-களில் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயால் காற்றின் அழுத்தத்தைக் காட்டினார். 1648-ல் பாஸ்கலின் சொற்படி அவர் மைத்துனர் பெரியே அந்தக் குழாயைப் பிரான்சில் ஒரு மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கிற்று. ஆனால் அந்த இறக்கத்துக்கும் தலைவலிக்கும் முடிச்சுப் போட்டு நிரூபிக்க இன்னும் 230 ஆண்டு ஆயிற்று. போல் பெர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அழுத்தத்தைக் குறைக்கும் இரும்பு அறை கட்டி, தாமே உள்ளே உட்கார்ந்து சோதித்து, 1878-ல் பெரிய நூலாக வெளியிட்டார். கெடுதல் செய்வது பிராணவாயுக் குறைவே என்று உறுதியாயிற்று.

அதற்குள் ஒரு விபத்து. 1875 ஏப்ரலில் ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் 26,000 அடிக்கு மேல் போனார்கள். பிராணவாயுப் பைகள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தன. எடுத்து வாயில் வைத்துக்கொள்ளக் கையை உயர்த்த முடியவில்லை. இருவர் இறந்தார்கள், பிழைத்த திஸாந்தியே, அந்த நேரத்தில் தமக்குப் பயமே இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது என்று எழுதினார். வாசகர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூளைக்குப் பிராணவாயு குறைந்தால் முதலில் போவது "நமக்கு ஆபத்து" என்ற அறிவு. ஆகவே நோயாளியிடமே "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு அவன் சொல்வதை நம்புவது போதாது. பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

1891-ல் ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில் ஜாக்கோத்தே என்ற இளம் மருத்துவர், உயரம் உடலை என்ன செய்கிறது என்று தம் உடலிலேயே பார்க்க விரும்பிக் கீழே இறங்காமல் குடிசையில் தங்கினார், அங்கேயே இறந்தார். அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் நீர். இருந்தும் அது தனி நோய் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவில்லை. நிமோனியா என்றோ இதயக் கோளாறு என்றோ தான் பல காலம் எழுதிவந்தார்கள். பெரு நாட்டு மருத்துவர்கள் சொல்லிவந்ததை 1960-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் காது கொடுத்தது.

நம் சிப்பாய்கள் கொடுத்த விலை

இந்த அறிவின் பெரும்பகுதி இந்தியாவில் உருவானது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1962-ல் சீனப் போர். சமவெளியில் இருந்த படைகளை அவசரம் அவசரமாக விமானத்தில் ஏற்றி லடாக்குக்கும் வடகிழக்கு மலைகளுக்கும் கொண்டுபோனார்கள். உடம்பு பழக நேரம் இல்லை. குண்டு படாமலே ஆட்கள் விழுந்தார்கள். போர் முடிந்தும் படை மலையிலேயே நின்றது, நோயும் நின்றது.

லேயில் பணியாற்றிய மேனன் என்ற மருத்துவர், நுரையீரலில் நீர் கோத்த 101 பேரைப் பற்றி 1965-ல் எழுதினார். இந்தர் சிங்கும் அவர் சகாக்களும் 1,925 படைவீரர்களைக் கவனித்து 1969-ல் எழுதிய கட்டுரையை இன்றுவரை உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். இவற்றிலிருந்து தெரிந்தவற்றில் ஒன்று நம் போன்றோருக்கு முக்கியம். ஏற்கெனவே மலையில் மாதக்கணக்கில் இருந்த வீரனும், விடுப்பில் ஊருக்கு வந்து சில வாரம் இருந்துவிட்டுத் திரும்பினால் புது ஆள் போலவே விழுவான். "நான் போன வருஷமே போயிட்டு வந்தவன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்கிற பேச்சு செல்லாது. போன வருஷப் பழக்கம் போன வருஷத்தோடு சரி.

அங்கேயே பிறந்தவர்களைப் பார்த்தும் நம்மை அளந்துகொள்ளக் கூடாது. பல ஆயிரம் ஆண்டு உயரத்தில் வாழ்ந்த திபெத்தியரின் இரத்தத்தில் மெல்லிய காற்றுக்கு ஏற்ற மரபணு மாற்றம் இருப்பதை 2010-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மூட்டை தூக்குகிற பையன் விசில் அடித்துக்கொண்டு போகிறானே என்று நாமும் ஓடினால் அவன் பாட்டன்மார் நமக்குத் துணைக்கு வரமாட்டார்கள்.

நடந்தவரும் பறந்தவரும்

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரம் போகும் வழியில் ஃபெரிச்சே என்று ஓர் ஊர், சுமார் 14,000 அடி. 1973-ல் மலைப் பயணிகளைக் காக்க நேபாளத்தில் ஒரு சங்கம் தொடங்கி, அந்த ஊரில் மருத்துவ நிலையம் வைத்தார்கள். அங்கே ஹாக்கெட் என்ற மருத்துவரும் சகாக்களும் 278 பயணிகளைச் சோதித்து 1976-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 53 பேருக்கு மலை நோய் இருந்தது. காட்மாண்டு பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்களைவிட, லுக்லா வரை விமானத்தில் பறந்து வந்தவர்களுக்கு நோய் அதிகமாகவும் கடுமையாகவும் இருந்தது. பறந்ததில் மிச்சமான நாட்களை உடம்பு வேறு வழியில் வசூல் செய்துவிட்டது.

இங்கேதான் நம் பழைய யாத்திரை முறையை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் முனிவர்கள் இன்றும் வண்டி ஏறுவதில்லை. விகாரம் என்று சொல்லிக் காலால் நடந்துதான் ஊர் ஊராகப் போவார்கள். உயிர்களுக்கு ஊறு வராமல் இருக்க ஏற்பட்ட விரதம் அது. மலை நோய்க்காக ஏற்பட்டதல்ல. ஆனால் ஹரித்துவாரிலிருந்து பத்ரிக்கு வாரக்கணக்கில் நடந்து ஏறிய சாதுவுக்கும் யாத்திரிகருக்கும் ஒவ்வொரு நாளும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. மூச்சு ஆழமாயிற்று, இரத்தம் மாறிற்று. சாலை போட்டபோதும் விமானத்தளம் கட்டியபோதும் நாம் களைப்பை எடுத்துவிட்டோம். கூடவே அந்தப் பழக்கமும் போய்விட்டது.

கயிலை வழியே இதற்குச் சான்று. 1962-க்குப் பின் நின்றுபோன யாத்திரையை 1981-ல் அரசு மறுபடி தொடங்கியபோது, குமாவுன் மலைகளில் நாள் கணக்கில் நடந்துதான் லிபுலேக் கணவாயை எட்ட வேண்டும். கணவாய் சுமார் 17,000 அடி. நடையில் ஆபத்து இல்லாமல் இல்லை. 1998 ஆகஸ்டில் மால்பாவில் மலை சரிந்து யாத்திரிகர்கள் உட்பட இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். என்றாலும் அந்த நடை உடம்பைத் தயார் செய்தது. தில்லியில் ஒரு மருத்துவச் சோதனை, குஞ்சியில் இன்னொன்று; அங்கே தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2015-ல் சிக்கிம் நாதுலா வழி திறந்தது. 2020-ல் லிபுலேக் பக்கம் வண்டிச் சாலை திறந்தது. கொரோனாவால் அந்த ஆண்டு நின்ற யாத்திரை 2025-ல்தான் மீண்டும் தொடங்கியிருக்கிறது. இப்போது பெரும்பகுதி வண்டியிலேயே போகலாம். முழங்கால் வலிக்காரருக்கு இது வரம்தான். ஆனால் வண்டி ஏற்றிவிடும் வேகம் உடம்பின் வேகம் அல்ல என்பதால், இடையில் தங்கும் நாட்களை வீண் என்று நினைக்கக் கூடாது.

கயிலையில் இன்னொரு கஷ்டம் உண்டு. அதை முதல்முறை போகிறவர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. வேறு மலைகளில் நோய் வந்தால் ஓரிரு மணி நேரத்தில் கீழே இறக்கிவிடலாம். மானசரோவரிலோ சுற்றிலும் மேடான சமவெளி. பரிக்கிரமா 52 கிலோமீட்டர். நடுவே டோல்மா கணவாய் சுமார் 18,500 அடி. தக்லாகோட் வரை வந்தாலும் இன்னும் 13,000 அடியில்தான் இருப்பீர்கள். "இறங்கு" என்று சொல்வது எளிது. இறங்க இடம் தூரத்தில் இருக்கிறது. அதனால் அங்கே முதல் அறிகுறியிலேயே முடிவெடுக்க வேண்டும்.

திரும்புவது தோல்வியா?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மானசரோவர்க் கரையில் ராத்திரி முழுவதும் தலைவலியில் துடித்தும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பரிக்கிரமாவுக்கு விடமாட்டார்கள் என்ற பயம். காலையில் அவர் நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவதை மருமகன் கவனித்துக் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டார். அன்றே இறக்கிக் கொண்டுவந்தார்கள், பிழைத்தார். "புண்ணியம் போச்சே" என்று மருமகனிடம் பல மாதம் பேசாமல் இருந்தார். இந்த மனநிலைதான் மெல்லிய காற்றைவிடப் பெரிய எதிரி.

நம் புராணங்கள் இதற்கு என்ன சொல்கின்றன? சுவேதாம்பர ஜைனர்களின் கதை ஒன்று. கயிலையை அஷ்டாபதம், எட்டுப் படி கொண்ட மலை என்பார்கள். மூன்று தவசிகள், ஆளுக்கு ஐந்நூறு சீடர்களோடு ஏற முயன்றார்கள். கடும் உபவாசம் இருந்தும் ஒரு கூட்டம் முதல் படியில் நின்றது, ஒன்று இரண்டில், ஒன்று மூன்றில். அதற்கு மேல் முடியவில்லை. மகாவீரரின் சீடர் கௌதமர் உச்சியைத் தரிசித்து இறங்கும்போது அவர்களைச் சீடர்களாக ஏற்று, கீழே அழைத்து வந்து, எல்லோருக்கும் வயிறாரப் பாயசம் படைத்தார். சாப்பிடும்போதே பலருக்கு ஞானம் சித்தித்தது என்பது கதை. உச்சியைப் பார்க்காதவர்களுக்குத்தான் அந்தப் பேறு கிடைத்தது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது அப்பர் வரலாறு. எங்கள் மடத்தில் தருமசேனராக இருந்து சைவத்துக்குப் போனவர் அவர். அந்தப் பழைய வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. பெரியபுராணம் சொல்வதை மட்டும் பார்ப்போம். முதிய வயதில் கயிலை காண வடக்கே போனார். காசியைக் கடந்தபின் ஆகாரத்தையும் விட்டு, இரவு பகல் பாராமல் நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், கடைசியில் அசைய முடியாமல் கிடந்தார். முனிவர் வடிவில் வந்து, மனித உடம்பால் ஆகாது, திரும்பிப் போ என்று சொன்னது யார்? அவர் காணப் போன சிவபெருமானே. அப்பர் மறுத்தபோதும் மேலே தூக்கிவிடவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றுக் குளத்தில் எழவைத்து, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தார். காவிரிக் கரை, கடல் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. சேக்கிழாருக்குக் காற்றழுத்தம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பக்தனைக் கீழே இறக்கிவிடுவதும் அருள்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். லேயில் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாளே 14,000 அடி பாங்காங் ஏரிக்கரையில் இரவு தங்க வேண்டாம். பத்தாயிரம் அடிக்கு மேல், படுக்கும் இடம் முந்தின நாளைவிட 1,500 அடிக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் ஆகாது. எங்களைப் போல அந்தி சாய்ந்தபின் உண்ணாதவர்கள் பகலிலேயே போதுமான தண்ணீர் குடித்துவிட வேண்டும். நீண்ட உபவாசத்தை ஊருக்குத் திரும்பியபின் வைத்துக்கொள்ளலாம். அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உதவும்; ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆகவே புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். கையில் வைத்திருக்கும் சிறு ஆக்ஸிஜன் புட்டி சில நிமிடத் துணை. இறங்குவதற்கு மாற்று ஆகாது. தலைவலி இருந்தால் மேலே போகாதீர்கள். நடை தள்ளாடினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், ராத்திரி என்றும் பாராமல் இறங்குங்கள்.

2012-ல் அமர்நாத் யாத்திரை மரணங்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். கூடாரத்துக்குள் பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் மூச்சைக் கேட்க நம்மால்தான் முடியும். போகும் குழுவில் ஒருவருக்கொருவர் கண்ணாக இருக்க இரண்டிரண்டு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும். நாம் இருந்தால் மறுபடி போய்ப் பார்க்கலாம்.